ஈபர்ட் கமெண்டரி படத்துக்குப் பின்தங்கிக்கொண்டே போகிறது, சரிசெய்ய வழி உண்டா?

குமரன் (பாரிஸ்):
அண்ணாமாருக்கு வணக்கம். 'சிட்டிசன் கேன்' படத்துக்கு விமர்சகர் ரோஜர் ஈபர்ட் கதைத்த கமெண்டரி (படம் ஓட ஓடக் கேட்கும் விளக்கப் பேச்சு), டொராண்டோவில் இருக்கும் என் அத்தானிடம் உள்ள 2001ஆம் ஆண்டு டிவிடியில் இருக்கிறது. டிஸ்க்கைத் தபாலில் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. கமெண்டரியை மட்டும் எம்பி3 ஆக எடுத்து அனுப்பினார். என்னிடம் இருப்பது இங்கே ஒரு பழைய டிஸ்க் கடையில் வாங்கிய பிரெஞ்சு டிவிடி. அதில் கமெண்டரி இல்லை.

இரண்டையும் கணினியில் ஒன்றாக ஓடவிட்டால் தொடக்கம் சரியாக இருக்கிறது. பத்து நிமிடத்தில் ஈபர்ட் 25 நொடி பிந்திவிடுகிறார். அரை மணி நேரத்தில் ஒரு நிமிடத்துக்கும் மேல். அவர் "இந்த ஷாட்டில் பாருங்கள்" என்று சொல்லும்போது அந்த ஷாட் எப்போதோ போய்விட்டது. படத்தை நிறுத்தி நிறுத்திச் சேர்த்துப் பார்த்தேன், திரும்பவும் விலகுகிறது. ஃபைல் பழுதா? அல்லது இங்கே வந்த படம் வேறு வெட்டா?

நிலா_ரீல்:
இரண்டு டிவிடி அட்டையிலும் ஓடும் நேரம் என்ன போட்டிருக்கிறது?

குமரன் (பாரிஸ்):
அத்தானுடையதில் 119 நிமிடம். என்னுடையதில் 114. ஐந்து நிமிடம் வெட்டிவிட்டார்களா?

நிலா_ரீல்:
ஒரு ஷாட்டும் வெட்டியிருக்க மாட்டார்கள். ஃபைலும் நன்றாகத்தான் இருக்கிறது. காட்சியை வெட்டியிருந்தால் அந்த இடத்தில் சட்டென்று ஒரு தாவல் வரும். உங்களுக்கு முதல் நிமிடத்திலிருந்தே சீராகக் கூடிக்கொண்டு போகிறது. அப்படியென்றால் வேகம்தான் வேறு.

திரைப்படம் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப்படங்கள். ஐரோப்பாவின் 'பால்' (PAL) என்ற டிவி முறையில் நொடிக்கு 25. அங்கே டிவிடி போடும்போது பெரும்பாலும் படத்தையே கொஞ்சம் வேகமாக்கி 25இல் ஓட்டிவிடுவார்கள். 24ஐ 25ஆல் வகுத்தால் 0.96. 119ஐ அதால் பெருக்கிப் பாருங்கள், 114 வரும். கனடா, அமெரிக்கா டிவிடிகள் என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறு முறை. அங்கே ஃபிரேம்களைத் திரும்பக் காட்டி ஈடுகட்டுவதால் படம் கிட்டத்தட்ட அதன் சொந்த வேகத்திலேயே ஓடும். ஈபர்ட் அந்த வேகத்துக்குப் பேசியிருக்கிறார், உங்கள் படமோ அவரை விட வேகமாகப் போகிறது.

படத்தைத் தொடாதீர்கள், கமெண்டரியை வேகமாக்குங்கள். ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் எம்பி3யைத் திறந்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் 'சேஞ்ச் டெம்போ' போய், சதவீதத்தில் 4.167 என்று கொடுங்கள். 25ஐ 24ஆல் வகுத்தால் வருவது அது. 'சேஞ்ச் ஸ்பீடு' வேண்டாம், அதில் குரலும் சேர்ந்து மெலிதாகிவிடும். டெம்போவில் குரல் அப்படியே இருக்கும்.

பழைய_டிஸ்க்:
தீர்வு கிடைத்துவிட்டது. ஆனாலும் இவ்வளவு மெனக்கெட்டுக் கேட்கத் தகுந்த கமெண்டரி இது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இந்த வழக்கமே நிபுணர்களிடம் தொடங்கியதுதான். 1984இல் கிரைட்டீரியன் நிறுவனம் பழைய 'கிங் காங்' படத்தை, டிவிடிக்கு முந்தைய லேசர் டிஸ்க்கில் வெளியிட்டபோது, லாஸ் ஏஞ்சலிஸ் கலை அருங்காட்சியகத்தில் திரைப்படப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த ரொனால்ட் ஹேவர் என்ற வரலாற்றாசிரியரைப் பேசவைத்தார்கள். படத்தின் ஒலி ஒரே டிராக், டிஸ்க்கில் இன்னொரு டிராக் காலியாகக் கிடந்தது. அதில் அவர் படம் எடுக்கப்பட்ட கதையைச் சொன்னார். இயக்குநரும் நடிகர்களும் உட்கார்ந்து அரட்டை அடிக்கும் கமெண்டரிகள் அதற்கு அப்புறம்தான் பெருகின. எனக்கு இன்றும் ஆய்வாளர்களின் கமெண்டரிதான் பிடிக்கும். எடுத்தவர்கள் தங்கள் நினைவில் நின்றதைச் சொல்வார்கள். படித்தவர்கள் திரையில் இருப்பதைச் சொல்வார்கள்.

ஈபர்ட் இதில் தேர்ந்த கை. கொலராடோவின் போல்டர் நகரில் ஒரு பெரிய அரங்கில் படங்களை ஷாட் ஷாட்டாக நிறுத்திப் பார்வையாளர்களோடு பல ஆண்டுகள் பேசிவந்தவர். கூட்டத்தில் யார் "நிறுத்துங்கள்" என்றாலும் நிறுத்தி அந்த ஃபிரேமைப் பற்றிப் பேசுவார்கள். அந்தப் பழக்கம் கமெண்டரியில் அப்படியே தெரியும். ஆகையால் நொடி பிசகினாலும் நஷ்டம் நமக்குத்தான். ஒழுங்காகச் சேர்த்துவிட்டே பாருங்கள்.

குமரன் (பாரிஸ்):
நிலா, கோடி நன்றி. 4.167 போட்டேன், முதல் பாதி அச்சாவாக இருக்கிறது. ஆனால் கடைசியில் கதாநாயகன் கேனின் சனாடு மாளிகையின் சாமான்களை எரிக்கும் இடத்தில் பார்த்தால் ஏழு நொடி பிந்தி வருகிறது. தொடக்கத்தைச் சரியாகத்தான் வைத்தேன்.

சேகர்_சவுண்டு:
அந்த ஏழு நொடிக்கும் கணக்கு இருக்கிறது. என்டிஎஸ்சி டிவிடியில் படம் சரியாக 24இல் ஓடுவதில்லை, 23.976இல் ஓடும். கலர் டிவி வந்த காலத்தில் அமெரிக்க முறையின் 30 ஃபிரேமை 29.97 ஆகக் குறைத்தார்கள். படமும் அதே விகிதத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு மெதுவாகிவிட்டது. 119 நிமிடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் ஏழு நொடிதான்.

அதனால் 25ஐ 23.976ஆல் வகுக்க வேண்டும். சதவீதம் 4.271. ஆனால் ஏற்கனவே மாற்றியதன் மேல் போடாதீர்கள், அத்தான் அனுப்பிய மூல ஃபைலைத் திறந்து புதிதாகப் போடுங்கள். எம்பி3யைத் திரும்பத் திரும்பச் சேமித்தால் குரல் கரகரக்கும்.

அடுத்தது தொடக்கம். உங்கள் டிஸ்க்கில் படத்துக்கு முன்னால் வெளியீட்டாளரின் லோகோ இருக்கலாம், அத்தானுடையதில் வேறு லோகோ இருக்கலாம். எனவே பூஜ்ஜியத்திலிருந்து சேர்க்க வேண்டாம். விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் 'ஓப்பன் மல்டிபிள் ஃபைல்ஸ்' போய் படத்தைக் கொடுத்து, கீழே கூடுதல் ஆப்ஷன்களைத் திறந்தால் இன்னொரு ஃபைலைச் சேர்த்து ஓடவிடும் வசதி இருக்கும். எம்பி3யை அங்கே கொடுங்கள். ஆடியோ டிராக்கில் கமெண்டரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, 'ஜே', 'கே' பொத்தான்களால் ஒலியை முன்னும் பின்னும் நகர்த்தலாம். ஒரு அழுத்தத்துக்கு 50 மில்லிநொடி. கமெண்டரியின் பின்னணியில் படத்தின் ஒலி மெல்லக் கேட்டால், தொடக்க மரணக் காட்சி முடிந்து செய்திப்படம் திடீரென்று முழங்கும் இடத்தில் பிடித்துவிடுங்கள். அதைவிடத் தெளிவான இடம் கிடைக்காது.

வசனத்துக்கு பிரெஞ்சு சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஈபர்ட் பேசும்போது பாத்திரங்கள் என்ன பேசுகிறார்கள் என்பது தவறிப்போகும்.

குமரன் (பாரிஸ்):
சரியாக வந்துவிட்டது! 4.271 போட்டுக் கடைசி வரை பார்த்தேன், எங்கேயும் விலகவில்லை.

1929 பங்குச்சந்தைச் சரிவுக்குப் பிறகு கேன் தன் பத்திரிகைகளை விட்டுக்கொடுக்கிற காட்சி இருக்கிறதல்லவா. வங்கியாளர் தாட்சரும் கேனின் மேலாளர் பெர்ன்ஸ்டீனும் மேசையில் இருக்க, பின்சுவரில் சாதாரண சன்னல்கள் மாதிரித் தெரிகின்றன. கேன் கதைத்துக்கொண்டே பின்னால் நடந்து போகிறார். போகப் போகச் சின்னவராகிறார். சன்னலுக்குக் கீழே போய் நிற்கும்போதுதான் அதன் அடிச்சட்டம் அவர் தலைக்கு மேலே இருப்பது தெரிகிறது. திரும்பி நடந்து வந்து பழையபடி பெரிய ஆளாகிறார். எல்லாம் ஒரே ஷாட். எத்தனையோ தரம் பார்த்த படம், இது கண்ணில் படவே இல்லை. ஈபர்ட் அதை விளக்கும்போது கேன் திரையில் நடந்துகொண்டே இருந்தார்.

சேகர் அண்ணா, அத்தானின் டிஸ்க்கில் இயக்குநர் பீட்டர் பொக்டனோவிச்சின் கமெண்டரியும் இருக்குதாம். அதுக்கும் இதே எண்ணா?

சேகர்_சவுண்டு:
அதே டிஸ்க், அதே படம், அதே எண். ஜே-கே நகர்த்தலும் ஒன்றாகவே இருக்கும். பொக்டனோவிச் இந்தப் படத்தை இயக்கிய ஆர்சன் வெல்ஸோடு நெருங்கிப் பழகியவர், அவரை நீண்ட பேட்டிகள் எடுத்தவர். அத்தானிடம் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். இந்தத் தடவை எம்பி3 வேண்டாம், டிவிடியில் இருக்கிற ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்பச் சொல்லுங்கள்.