கீமோவுக்கு முன் எடுத்த எக்கோ: மனதில் நிற்கும் ஒரு ரிப்போர்ட்டைச் சொல்லுங்கள்

எக்கோ டெக்னீஷியன், மதுரை
மார்பகப் புற்றுநோய்க்கு ஏசி (டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைட் என்ற இரண்டு கீமோ மருந்துகள்) நாலு சைக்கிள் முடிந்து, டிராஸ்டுசுமாப் ஊசி தொடங்கும் முன் எக்கோவுக்கு (இதய ஸ்கேன்) வந்த அம்மா. டாக்ஸோரூபிசின், டிராஸ்டுசுமாப் இரண்டுமே இதயத்தைப் பலவீனப்படுத்தக் கூடியவை. இப்போது இ.எஃப். (ஒரு துடிப்பில் இதயம் எத்தனை சதவீத ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்ற அளவு) 52. கீமோவுக்கு முன் எடுத்த தாளில் "இ.எஃப். 60%, நார்மல்" என்று ஒரே வரி. கண்ணால் பார்த்துப் போட்டதா, எம்-மோடில் ஒரே கோட்டில் அளந்ததா, பைபிளேன் சிம்சன்ஸ் முறையில் இரண்டு கோணத்தில் அளந்ததா, தெரியாது. இதய அறையின் வால்யூம் இல்லை, ஸ்ட்ரெயின் (இதயத் தசை எவ்வளவு சுருங்குகிறது என்று மைனஸில் வரும் அளவு) இல்லை, அன்றைய பிரஷரும் இல்லை. "எட்டு குறைஞ்சிருக்கே, ஊசி போடாம நிறுத்தி வச்சிடுவாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு தாளையும் ஒட்டி வைத்துப் பார்க்கிறார். சாதாரண 2டி எக்கோவில் ஒரே இதயத்தை இரண்டு தடவை அளந்தாலே பத்து புள்ளி வரை முன்னே பின்னே வரும். இந்த எட்டு மருந்தால் வந்ததா, அளந்த விதத்தால் வந்ததா என்று எதை வைத்துச் சொல்வது?

டே-கேர் நர்ஸ்
சார், எட்டு குறைந்து 52இல் நின்றால் ஊசியை நிறுத்தி வைக்கும் கணக்குக்குள்ளேயே வராது. முதல் அளவிலிருந்து 16 புள்ளி குறைய வேண்டும், அல்லது 10 குறைந்து நார்மலுக்குக் கீழே போக வேண்டும். அந்த அம்மாவிடம் அங்கேயே இதைச் சொல்லியிருக்கலாம். எனக்கு உறுத்துவது வேறு. பிரஷர், சுகர் எதுவும் இல்லாத இளம் பெண். கேனுலா போட்டாயிற்று, சிவப்பு மருந்து (டாக்ஸோரூபிசின்) கலக்க வேண்டியதுதான் பாக்கி. "எக்கோவில் ஸ்ட்ரெயின் இல்லை, வெளியே எடுத்து வாங்க" என்று கேனுலாவைக் கழற்றி அனுப்பினார்கள். ஸ்ட்ரெயின் இல்லாத எக்கோவும் எக்கோதான். அதற்காகக் கீமோ தள்ளிப்போகக் கூடாது.

கார்டியாலஜி பிரிவு
சிஸ்டர், உங்கள் கணக்கு முதல் 60 உண்மையாக இருந்தால்தான் நிற்கும். அது நிஜத்தில் 68 என்றால் 52 என்பது சரியாக 16 குறைவு, ஊசியை நிறுத்தி வைக்க வேண்டும். 55 என்றால் ஒன்றுமே நடக்கவில்லை.

இங்கே பார்த்த இன்னொரு நோயாளி: இ.எஃப். 60இலிருந்து 57. யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஸ்ட்ரெயின் மைனஸ் 20.5இலிருந்து மைனஸ் 16.8. பழைய அளவில் 18 சதவீதம் சரிவு. 15ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். ஆனால் அன்று பிரஷர் 170/100. பிரஷர் ஏறினால் ஸ்ட்ரெயின் தானாகவே இறங்கும். பிரஷரைக் கட்டுப்படுத்தி, அதே மெஷினில் திரும்ப எடுத்தபோதும் சரிவு அப்படியே இருந்தது. எனலாப்ரில், கார்வெடிலால் என்ற இதய மாத்திரைகளைத் தொடங்கினார்கள், டிராஸ்டுசுமாப் நிற்கவில்லை.

ஆன்காலஜி பார்மசி
இதைப் படிக்கும் நோயாளி வீட்டாருக்கு: கீமோவுக்கு முன் எக்கோவுக்கு எழுதிக் கொடுக்கும்போதே "பைபிளேன் இ.எஃப்., முடிந்தால் ஜி.எல்.எஸ். (ஸ்ட்ரெயின்), பிரஷர்" என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டோடு படங்களையும் சிடியிலோ பென்டிரைவிலோ வாங்கி வையுங்கள். பின்னால் சந்தேகம் வந்தால் பழைய படத்திலேயே திரும்ப அளக்கலாம். அடுத்தடுத்த எக்கோவும் அதே லேபில், அதே மெஷினில். கம்பெனி மாறினால் ஸ்ட்ரெயின் எண்ணும் மாறும்.

டாக்ஸோரூபிசின் எவ்வளவு ஏறியது என்பதையும் ஒரு நோட்டில் குறியுங்கள். ஏசியில் ஒரு சைக்கிளுக்கு உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 60 மி.கி., நாலு சைக்கிளில் 240. 450ஐ நெருங்க நெருங்க இதயத்துக்கு ஆபத்து கூடும். அந்தக் கணக்கு ஆயுள் முழுமைக்கும் சேர்த்து. பத்து வருஷம் கழித்து நோய் திரும்பி வேறு ஊரில் காட்டினாலும் முதலில் கேட்கப்போவது அந்த எண்ணைத்தான். இடது மார்பில் ரேடியேஷன் எடுத்திருந்தால் அதையும் எழுதுங்கள். டிராஸ்டுசுமாப் ஓடும்வரை மூன்று மாதத்துக்கு ஒரு எக்கோ. நடுவில் படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் வீங்குகிறது என்றால் அந்த மூன்று மாதத்துக்குக் காத்திருக்கக் கூடாது.

எக்கோ லேப், கோவை
இடது மார்பை ஆபரேஷனில் எடுத்த மூன்றாவது வாரம். எக்கோ புரோபை (நெஞ்சில் வைத்துப் படமெடுக்கும் கருவி) வைக்க வேண்டிய இடத்தில் டிரெஸ்ஸிங். "பூர் விண்டோ (படம் தெளிவில்லை), இ.எஃப். 55" என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். இதயச் சுவரில் பக்கத்துப் பக்கத்து இரண்டு செக்மென்ட் (பகுதி) தெரியாவிட்டாலே கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்து) போட வேண்டும். அதுவும் முடியாதென்றால் மூகா ஸ்கேன் (கதிரியக்க மருந்து ஏற்றி இ.எஃப். அளப்பது). பார்க்க முடியாததற்கு எண் போடக் கூடாது.