செயின்ட் ஹெலினா தீவின் 25 பென்ஸ் (1981) வெள்ளி புரூஃப்: பஜாரில் பாலிஷ் போடலாமா?

ராணிப்பேட்டை வாசகர்:
சார்லஸ்–டயானா திருமண நினைவு நாணயம், புரூஃப் வகை (சேகரிப்பவர்களுக்கென்றே கண்ணாடிப் பளபளப்போடு அடித்தது). பெட்டியும் சான்றிதழும் இல்லை. எடை 28.28 கிராம், எனவே வெள்ளிதான் என்று நினைக்கிறேன். ஓரத்தில் மஞ்சளும் பழுப்பும் படிந்திருக்கிறது, ராணி முகத்தருகே ஒரு பச்சைத் திட்டு. லாங்கு பஜாரில் உரைகல்லில் உரசிப் பார்த்து, விபூதி போட்டுத் தேய்த்துத் தருகிறேன் என்கிறார்கள். கொடுக்கலாமா?

காட்பாடி நாணயப்பித்தன்:
தயவுசெய்து கொடுக்காதீங்க சார். உரைகல்லில் ஒரு தடவை இழுத்தாலே விளிம்பு போச்சு.

எடையை வைத்து முடிவு கட்டவும் முடியாது. இதையே செம்பு-நிக்கலிலும் அதே 28.28 கிராம், அதே 38.6 மி.மீ. விட்டத்தில் அடித்திருக்கிறார்கள். வித்தியாசம் தடிமனில்தான். வெள்ளிக்கு அடர்த்தி அதிகம் என்பதால் காசு மெலிதாக இருக்கும். நகைக்கு டச் (உலோகத் தூய்மை) பார்க்கும் மெஷினில் வையுங்க, கீறல் விழாது. வெள்ளி 92.5 காட்டணும். செம்பு 75, நிக்கல் 25 என்று வந்தால் சாதா காசு. வெள்ளியாக இருந்தால் உள்ளே சுத்த வெள்ளி 26.16 கிராம்.

குடியாத்தம் சேகரிப்பாளர்:
விபூதி குத்துவிளக்குக்குச் சரி, புரூஃபுக்கு ஆகவே ஆகாது. அதன் அழகே உருவமும் எழுத்தும் இல்லாத இடத்தில் கண்ணாடி மாதிரி மின்னும் அந்த வெறும் பரப்புதான். பஞ்சால் லேசாகத் துடைத்தாலும் மயிரிழைக் கோடுகள் விழும், திரும்பப் போகாது. சோடா உப்பு-அலுமினியத் தாள் வைத்தியமும் வேண்டாம், பளபளப்பு மங்கிவிடும்.

பச்சை வேறு விஷயம். மெத்தென்ற பிவிசி கவரிலிருந்து கசிந்ததாக இருக்கலாம், விட்டால் உலோகத்தை அரிக்கும். சுத்தமான அசிட்டோன் வாங்குங்க. நகப்பூச்சு ரிமூவர் கூடாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு, புது அசிட்டோனில் இன்னொரு முறை முக்கி, விளிம்பைப் பிடித்துத் தூக்கி அப்படியே உலர விடுங்க. தேய்க்கவே கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது.

பழுப்பு அசிட்டோனுக்குப் போகாது. விட்டுவிடுங்க, சேகரிப்பவர்கள் அதைக் குறையாக எடுக்க மாட்டார்கள். தேய்த்த காசைத்தான் ஒதுக்குவார்கள்.

மேல்விஷாரம் வாசகர்:
பழுப்புக்குக் காரணம் நம்ம ஊர்க் காற்றாகவும் இருக்கலாம். தோல் பதனிடும் ஆலைகளில் தோலின் முடியை நீக்க சோடியம் சல்பைடு போடுகிறார்கள். கழிவிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியில் படிந்தால் முதலில் மஞ்சள், அப்புறம் பழுப்பு, கடைசியில் கறுப்பு. ஈரப்பதம் அதை வேகப்படுத்தும், எனவே ஏர் கூலர் ஓடும் அறையில் வைக்காதீங்க. 39 மி.மீ. அக்ரிலிக் கேப்ஸ்யூலில் போட்டு, மூடி இறுகிய டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்க. ஜெல்லை மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றணும். டப்பாவைச் சுற்றி ரப்பர் பேண்ட் மட்டும் போட்டுடாதீங்க, அதிலேயே கந்தகம் இருக்கு.