நிரூபணமாகாத சிகிச்சை: மருத்துவரின் பதிவை முடக்குவதா, செய்யும் முறையைக் கட்டுப்படுத்துவதா?

மதிவாணன்: ஆய்வில் தேறாத சிகிச்சையைக் காசு வாங்கிக்கொண்டு செய்கிறவரின் பதிவை, அதாவது மருத்துவம் பார்க்கும் உரிமத்தை, உடனே முடக்க வேண்டும். 2015இல் ஃப்ளோரிடாவில் நடந்ததைப் பாருங்கள். மாக்குலா சிதைவு (விழித்திரையின் நடுப்பகுதி கெட்டு நேர்ப்பார்வை குறையும் நோய்) இருந்த மூன்று பெண்கள், ஆளுக்கு 5,000 டாலர் கட்டணம். அவரவர் வயிற்றுக் கொழுப்பிலிருந்து பிரித்த ஸ்டெம் செல்லை (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் ஊசியாக ஏற்றினார்கள். சில நாட்களிலேயே கண்ணுக்குள் ரத்தக்கசிவு, பிறகு விழித்திரை விலகல். மூவருக்கும் பார்வை பறிபோனது.

யாழினி: 2005இல் பெவாசிசுமாப் என்ற மருந்து இதே நோய்க்காகக் கண்ணுக்குள் போனபோது அதற்கும் பெரிய ஆய்வு கிடையாது. குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற மருந்து அது. 0.05 மி.லி.யில் 1.25 மி.கி. போட்டார்கள். கண்ணுக்கென்றே உருவான ரானிபிசுமாப் மருந்துக்கு அது ஈடு என்று ஒப்பீட்டு ஆய்வு சொன்னது 2011இல்தான். உங்கள் விதிப்படி அந்த ஆறு ஆண்டும் அந்த மருத்துவர்கள் குற்றவாளிகள். வேறுபாடு முறையில் இருக்கிறது. முதலில் வெளியான அறிக்கை ஒரே நோயாளியைப் பற்றியது: வேறு சிகிச்சை பலிக்காதவர், ஊசிக்கு முன்னும் பின்னும் ஓசிடி ஸ்கேன் (விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுப்பது), முடிவு எல்லோரும் பார்க்க வெளியீடு.

மதிவாணன்: அந்த மருந்திலும் ஆபத்து வந்ததே. 4 மி.லி. குப்பியைச் சிறு சிரிஞ்சுகளாகப் பிரிக்கும்போது கிருமி புகுந்து, 2011இல் மயாமியில் 12 பேருக்குக் கண்ணுக்குள் தொற்று.

கதிரவன்: அது பிரித்து அடைத்த இடத்தின் சுத்தக்கேடு. நிரூபணமான மருந்துக்கும் அதே கதிதான் வரும். அதை மருந்தகச் சோதனையில் பிடிக்க வேண்டும். ஃப்ளோரிடாவில் என்னை உறுத்துவது வேறு. அந்தச் சிகிச்சை அரசின் ஆய்வுப் பதிவேட்டில் இருந்தது. அதில் பெயர் சேர்க்க அனுமதி எதுவும் தேவையில்லை, நோயாளிக்கு அது தெரியாது. ஒப்புதல் படிவத்திலோ ஆய்வு என்ற பேச்சே இல்லை. நான் கேட்பது: முதலில் பார்வை மோசமான கண் மட்டும், மற்றதைத் தொடுமுன் காத்திருப்பு, சம்பந்தமில்லாத நிபுணர் ஒருவரின் எழுத்துக் கருத்து, நோயாளியிடம் கட்டணம் கூடாது, சிக்கல் வந்தால் கட்டாய அறிக்கை. மருத்துவ ஆய்வு நெறிகளுக்கான உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனமும் வேறு வழியில்லாதபோது, நிபுணர் ஆலோசனையோடும் நோயாளியின் ஒப்புதலோடும் நிரூபணமாகாத சிகிச்சையை அனுமதிக்கிறது, பிறகு ஆய்வுக்கு உட்படுத்தச் சொல்கிறது.

மதிவாணன்: கட்டணத் தடையை ஏற்கிறேன், பாதிக் கடை அதிலேயே மூடிவிடும். ஆனால் சிக்கலை மருத்துவரே சொல்லட்டும் என்பது நடக்காது. கண் கெட்டவர் அதே இடத்துக்குத் திரும்பிப் போவதில்லை, வேறு மருத்துவமனைக்குத்தான் ஓடுகிறார்.

யாழினி: அப்படியானால் அறிக்கை தரும் கடமையை அந்த இரண்டாவது மருத்துவர் மேலும் வையுங்கள்.