ரட்டாட்டூய் உண்மையிலேயே பழங்கால உணவா?

கேள்வி: பிரான்சின் நீஸ் நகரத்துக் காய்கறிக் குழம்பான ரட்டாட்டூய் பல நூற்றாண்டுப் பழமையானது என்கிறார்கள். தக்காளியும் குடைமிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதானே, அப்படியென்றால் கொலம்பஸ் அங்கே போன 1492க்கு முன்னால் இதை எப்படிச் சமைத்திருப்பார்கள்?

பதில் 1: சமைத்திருக்க முடியாது. இதில் சேரும் சுக்கினி என்ற பூசணி வகைக் காயின் மூதாதையும் அங்கிருந்து வந்ததுதான். கத்தரிக்காய் மட்டும் ஆசியாவில் பிறந்து அரபியர் வழியாக மத்தியதரைக் கடல் பக்கம் போனது. பெயர்தான் பழையது: தெற்குப் பிரான்சின் ஆக்சித்தான் மொழியின் 'ரட்டாட்டுல்யா'. அதோடு தொடர்புள்ள பிரெஞ்சுச் சொல் 'தூயே' என்றால் கிளறுவது.

பதில் 2: அந்தப் பெயரும் முதலில் இந்த உணவைக் குறிக்கவில்லை, கிடைத்ததையெல்லாம் போட்டுக் கிளறிய மட்டமான குழம்பைத்தான் அப்படிச் சொன்னார்கள், ராணுவத்தில் சிப்பாய்களுக்குப் போடும் சாப்பாட்டைக்கூட 'ரட்டா' என்றுதான் அழைத்தார்கள். இன்று நாம் சாப்பிடும் வடிவம் பிற்காலத்தது.

பதில் 3: சரி, சமைக்கும்போது ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு காயையும் தனித்தனியாக ஆலிவ் எண்ணெயில் வதக்கி, கடைசியில் தக்காளியோடு சேர்த்துச் சிறுதீயில் விடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் குழைந்துவிடும், கத்தரிக்காயின் ருசியே தெரியாது. மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும்!

கேள்வி கேட்டவர்: நன்றி, ஞாயிற்றுக்கிழமை செய்துபார்க்கிறேன்.