மல்லிக்குச் சாம்பல் போட்ட பிறகு இலை மஞ்சளாகிறது, அவசர உதவி தேவை

உசிலை_தோட்டம்:
வணக்கம். மல்லிச் செடிக்கு அடுப்புச் சாம்பல் போட்டேன். இப்போது இலையெல்லாம் மஞ்சளாகிறது, மொட்டும் சிறுத்துவிட்டது. சாம்பலில் பொட்டாஷ் இருக்கிறது, பூ நிறைய வரும் என்று சொன்னார்கள். என்ன மருந்து அடிக்கலாம்? சீக்கிரம் சொல்லுங்கள், சீசன் நேரம்.

மாடித்தோட்டம்_அக்கா:
தொட்டியா, நிலமா தம்பி? எவ்வளவு போட்டீர்கள்? ஒரு படம் போடுங்களேன்.

வலையங்குளம்_பூக்காரர்:
இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மெல்லிய நூலாம்படை மாதிரி தெரிந்தால் சிவப்புச் சிலந்திதான். வெயில் ஏறினால் மல்லியில் வராமல் இருக்காது. சாம்பலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

திருமங்கலம்_கரிசல்:
எனக்கென்னவோ தண்ணீர் அதிகமாகி வேர் அழுகுகிறது என்றுதான் தோன்றுகிறது. ஒரு செடியின் ஓரமாகத் தோண்டி வேரைப் பாருங்கள்.

மண்வாசி:
இந்தக் கேள்விக்கு இங்கே எத்தனையோ தடவை பதில் எழுதியாயிற்று. கொஞ்சம் தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் யாருக்கும் வருவதாக இல்லை. டாக்டரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து கேட்பீர்களா? என்ன மண், கிணற்று நீரா போர் நீரா, எந்த விறகுச் சாம்பல், மஞ்சளானது தளிரா முற்றிய இலையா, கூடவே வேறு என்ன உரம் போட்டீர்கள்? இவ்வளவும் சொன்னால் பேசலாம்.

உசிலை_தோட்டம்:
நிலம்தான். கரிசல் கலந்த மண், போர் தண்ணீர், கொஞ்சம் உப்பு. மச்சான் ஓட்டலில் சீமைக்கருவேல விறகு எரித்த சாம்பல், செடிக்கு அரைச் சட்டி. அதோடு யூரியாவும் கலந்து வைத்தேன். தளிர்தான் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது.

மண்வாசி:
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தளிர் வெளுத்து நரம்பு பச்சையாக நிற்பது இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் காரத்தன்மை ஏறிய மண்ணில் வேரால் அதை எடுக்க முடியாது. மரச்சாம்பலில் பொட்டாஷ் இருப்பது உண்மைதான். ஆனால் அதைவிடச் சுண்ணாம்புச் சத்துதான் அதிகம். சாம்பலின் பிஎச் (புளிப்பு, காரம் காட்டும் அளவு; ஏழுக்கு மேலே காரம்) பத்துக்கு மேல் போகும். உங்கள் கரிசலோ ஏற்கெனவே எட்டை ஒட்டி இருக்கும். அதன் தலையில் அரைச் சட்டி சாம்பலைக் கொட்டினால் வேறென்ன ஆகும்?

யூரியா கலந்தது இன்னொரு நஷ்டம். ஈர மண்ணில் யூரியா அம்மோனியாவாக மாறும், சாம்பலின் காரத்தில் அது வாயுவாகப் பறந்துவிடும். தழைச்சத்தில் ஒரு பங்கு காற்றில் போயிருக்கும்.

மாடித்தோட்டம்_அக்கா:
எங்கள் அம்மாச்சி காலம் முழுக்கக் கத்தரிக்குச் சாம்பல்தான் தூவினார். ஒரு செடியும் சாகவில்லை.

மண்வாசி:
அம்மாச்சி தூவியது அசுவினிப் பூச்சிக்காக, விடியற்காலைப் பனி ஈரத்தில், இலை மேல் ஒரு பிடி. வேரடியில் சட்டிக் கணக்கில் கொட்டவில்லை.

திருமங்கலம்_கரிசல்:
அப்படியானால் கேரளாவில் தென்னைக்கும் வாழைக்கும் சாம்பல் போடுகிறார்களே, அது தப்பா?

சிறுமலை_வாழை:
தப்பில்லை அண்ணே. அங்கே செம்புறை மண், மழையில் சுண்ணாம்பெல்லாம் கரைந்து புளித்து, அதாவது அமிலமாகிக் கிடக்கும். கொடைக்கானல் மலை மண்ணும் அப்படித்தான். அந்த மண்ணுக்குச் சாம்பல் நல்ல மருந்து. அங்கேயும் வருஷத்துக்குச் சென்ட்டுக்கு மூன்று நான்கு கிலோவைத் தாண்டக் கூடாது.

வலையங்குளம்_பூக்காரர்:
நான் ரைஸ் மில் சாம்பல் போட்டுத்தான் மல்லி வளர்க்கிறேன். ஒன்றும் ஆகவில்லையே?

சிறுமலை_வாழை:
அது உமிச்சாம்பல். பெரும்பகுதி மணல்சத்து, காரம் குறைவு. இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வலையங்குளம்_பூக்காரர்:
சாம்பல் சாம்பல்தானே. என் செடியை வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

மாடித்தோட்டம்_அக்கா:
சண்டை அப்புறம். பாவம், அந்தத் தம்பிக்கு என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

மண்வாசி:
மேலே கிடக்கும் சாம்பலைச் சுரண்டி அள்ளிவிடுங்கள். தண்ணீர் விட்டுக் கரைத்து இறக்க நினைக்காதீர்கள். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலை நனையத் தெளியுங்கள். புதுத்தளிர் பச்சையாக வரும்வரை இடைவெளி விட்டுத் திரும்ப அடிக்க வேண்டும். அன்னபேதியை வெறுமனே வேரில் போட்டால் இந்த மண்ணில் பூட்டிக்கொள்ளும். மக்கிய தொழுவுரத்தோடு கலந்தால் ஓரளவு கிடைக்கும்.

சாம்பல் படாத இடத்து மண்ணை ஒரு கை எடுத்து எலுமிச்சைச் சாறு பிழிந்து பாருங்கள். நுரைத்தால் சுக்கான் (சுண்ணாம்புக் கல்) உள்ள மண், இனி சாம்பல் பக்கமே போக வேண்டாம். எதற்கும் மதுரை ஒத்தக்கடை வேளாண் கல்லூரி வளாகத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்து, மண்ணோடு போர் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

திருமங்கலம்_கரிசல்:
ஜிப்சம் போட்டால் சரியாகாதா?

மண்வாசி:
சோடியம் ஏறிய களர் மண்ணுக்குத்தான் ஜிப்சம். பரிசோதனை முடிவு வராமல் வாங்காதீர்கள், காசு வீண்.

உசிலை_தோட்டம்:
எலுமிச்சை நுரைத்தது. மண் பிஎச் 8.6 என்று வந்திருக்கிறது. அன்னபேதி அடித்தேன், புதுத்தளிர் பரவாயில்லை. நன்றி எல்லோருக்கும்.

சிறுமலை_வாழை:
தண்ணீர் முடிவு என்ன தம்பி? போர் உப்பு என்றீர்களே, அதுவும் காரமாக இருந்தால் மஞ்சள் திரும்ப வரும்.

மாடித்தோட்டம்_அக்கா:
தம்பி, இருக்கிறீர்களா?