தேன்குழல் கருவிக்குக் கூட்டு நிதி திரட்டிய அனுபவம்

காரைக்குடியிலிருந்து:

எங்கள் தெருவில் பலகாரம் செய்து விற்கும் ஆச்சி ஒருவர், ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் தொடர்ந்து தேன்குழல் பிழிந்துவிட்டு, மறுநாள் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான், காலால் மிதித்துப் பிழியும் கருவி ஒன்றைச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. லேத் பட்டறையில் செய்த முதல் இரண்டு மாதிரிகளிலும் மாவு கீழே இறங்காமல் தண்டின் ஓரமாக மேலே பிதுங்கியது. குழாயின் உட்புறத்தைச் சீராகக் கடைந்து, அதற்குப் பொருந்தும் அளவில் தண்டைச் செய்து, இரண்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளியைக் குறைத்த பிறகே மூன்றாவது மாதிரி சரியாக வந்தது.

ஐம்பது கருவிகள் செய்யக் கையில் பணமில்லை. வங்கியில் கேட்டபோது ஈடு கேட்டார்கள். எனவே, இணையத்தில் கூட்டு நிதி திரட்டும் தளம் ஒன்றில், 4,200 ரூபாய் தருபவருக்கு ஒரு கருவி என்று அறிவித்தேன். 45 நாளில் 2 லட்சம் சேராவிட்டால் எல்லாருக்கும் பணம் திரும்பிவிடும் என்பது அங்கே விதி. 52 பேர் சேர்ந்தார்கள். முதல் வாரத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் உறவினர்களும் தெரிந்தவர்களும்தான்; அவர்கள் வந்ததைப் பார்த்தே முகம் தெரியாதவர்கள் நம்பினார்கள் என்று நினைக்கிறேன்.

நான் தவறியது விலையில். ஒரு மாதிரிக்கு ஆன செலவை வைத்துக் கணக்கிட்டேனே தவிர, தளத்தின் கமிஷனும் பணப் பரிமாற்றக் கட்டணமுமாக ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடும் என்பதையோ, ஒன்பது கிலோ எடையுள்ள பெட்டியை வெளிமாநிலத்துக்கு அனுப்ப ஆகும் பார்சல் செலவையோ சேர்க்கவில்லை. பன்னிரண்டாவது கருவியைச் சோதித்தபோது மிதிகட்டையின் வெல்டிங் விட்டுப்போனதால், அதுவரை செய்த அனைத்தையும் பிரித்துத் திரும்பப் பற்றவைத்தோம். அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டு கூலஸ்ட் கூலர் என்ற குளிர்பெட்டிக்கு 62,000க்கும் மேற்பட்டோர் 1 கோடியே 32 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தும், வாங்கிய விலைக்குள் செய்து தர முடியாமல், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குப் பொருள் போய்ச் சேராமலே 2019இல் அந்த நிறுவனம் மூடப்பட்டதைப் படித்தபோது எனக்கு உறக்கம் வரவில்லை.

கீரமங்கலம், பேராவூரணிப் பக்கத்தில் பணம் தேவைப்படுபவர் ஊரை அழைத்து வைக்கும் மொய் விருந்தில், எழுதிய மொய் நோட்டில் நிற்கும்; ஒருநாள் திரும்பச் செய்தாக வேண்டும். எனக்குப் பணம் தந்தவர்கள் கடன் கொடுத்தவர்களும் அல்லர், பங்குதாரர்களும் அல்லர். ஆனாலும் 52 பெயர்களையும் ஒரு நோட்டில் எழுதி, கருவி போய்ச் சேரச் சேர ஒவ்வொன்றாக அடித்தேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, உடைந்த வெல்டிங்கின் படம் உட்பட, நடந்ததை நடந்தபடியே அவர்களுக்கு எழுதினேன். மூவர் மட்டும் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். சொன்ன தேதிக்கு நான்கு மாதம் கழித்துக் கடைசிக் கருவி போயிற்று. கைப்பணம் 38,000 ரூபாய் போட்டேன்.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணன் எழுதியதைப் படித்ததும் என் இழப்பையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கண்டாங்கிச் சேலை நெய்பவர்களுக்காக, தறி நாடாவுக்குள் வைக்கும் ஊடைநூல் சுருளான தாரைச் சுற்றும் கருவி ஒன்றை, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும்படி செய்தேன். நிதி திரட்டுவதற்காக, அது இயங்கும் விதத்தை முழுவதுமாக விளக்கிக் காணொளி வெளியிட்ட பிறகுதான் காப்புரிமை பற்றி விசாரித்தேன். விண்ணப்பத்துக்கு முன்பே ஊரறிய வெளியிட்டதால் அது இனிப் புதியதாகக் கருதப்படாது என்றார் வழக்கறிஞர். பணமும் இலக்கில் பாதியைத் தாண்டவில்லை.

காரைக்குடியிலிருந்து:

தங்கச்சி, படிக்கவே வருத்தமாக இருக்கிறது. நான் காணொளி எடுப்பதற்கு முன்பே, சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்துக்கு இணையவழியில் தற்காலிக விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். தனிநபருக்குக் கட்டணம் 1,600 ரூபாய்தான், முழு விவரத்தைத் தாக்கல் செய்ய அதிலிருந்து 12 மாத அவகாசம் உண்டு. காணொளிக்குப் பிறகு கருவியில் புதிதாக ஏதேனும் மாற்றம் செய்திருந்தால், அதை யாருக்கும் காட்டாமல் முதலில் அந்த வழக்கறிஞரிடம் கேளுங்கள், ஏனெனில் அந்த மாற்றத்துக்குத் தனியே விண்ணப்பிக்க வழியிருக்கலாம். மறுபடி நிதி திரட்டுவதாக இருந்தால், விலை வைக்குமுன் பார்சல் அலுவலகத்தில் கருவியை எடைபோட்டுக் கேட்டுவிடுங்கள்.