அக்காள் மகளின் முன்விண்ணப்பத்தை எங்கே அனுப்புவது?

கொழிஞ்சாம்பாறைத் தாய்மாமன்:
வணக்கம். என் அக்காள் மகள் இங்கே அரசு ஹயர் செகண்டரியில் பிளஸ் டூ ஹியூமானிட்டீஸ் படிக்கிறாள். அமெரிக்காவில் பன்னாட்டு உறவுகள் இளங்கலை படிக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறாள். நவம்பர் தொடக்கத்தில் அனுப்ப வேண்டிய முன்விண்ணப்பத்துக்கு ஜார்ஜ்டவுன், டஃப்ட்ஸ், யேல் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. அவளுடைய அப்பாவுக்கு நான்கு ஏக்கர் தென்னந்தோப்பு உண்டு. வேறு வருமானம் இல்லை. ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் அவரால் தர இயலாது. மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரைக் கேரளத்துக்குத் தர வேண்டும் என்கிற 1970-ஆம் ஆண்டுப் பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தத்தைப் பற்றியே விண்ணப்பக் கட்டுரையை எழுதியிருக்கிறாள். தண்ணீர் வராத மாதங்களில் தோப்பில் குரும்பை உதிர்வதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். பெரியவர்கள் வழி சொல்ல வேண்டும்.

வண்ணாமடை:
மாமா, நான் பாஸ்டன் பக்கம் படித்துக்கொண்டிருக்கிறேன். தயங்காமல் டஃப்ட்ஸ் கல்லூரிக்கு எர்லி டிசிஷன் என்னும் முன்விண்ணப்ப முறையில் போடச் சொல்லுங்கள். இடம் கிடைத்தால் வந்தே தீருவேன் என்று மாணவி, பெற்றோர், பள்ளி ஆகிய மூவரும் கையெழுத்திடுவதால், அந்த உறுதிக்குக் கல்லூரி மதிப்புத் தருகிறது. சேர்த்துக்கொண்ட வெளிநாட்டு மாணவருக்கும் தேவைப்படும் உதவியை முழுவதுமாகத் தரும் கல்லூரி அது. நம் பாலக்காட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த சசி தரூர் 1978-இல் டாக்டர் பட்டம் பெற்ற, பன்னாட்டு உறவுகளுக்கான ஃபிளெட்சர் பள்ளியும் அங்கேதான் இருக்கிறது.

வேலந்தாவளம் டீச்சர்:
தம்பி சொல்வதில் பாதிதான் சரி. ஃபிளெட்சர் முதுநிலைப் படிப்புக்கான பள்ளி. இளங்கலை மாணவி படிக்கப் போவது கலை அறிவியல் பிரிவில் உள்ள பன்னாட்டு உறவுகள் பாடத்தை. அது நல்ல பாடம்தான், ஆனால் பெயர்ப்பலகையைப் பார்த்து மயங்கக் கூடாது. எர்லி டிசிஷனில் சேர்க்கை விகிதம் உயர்ந்து தெரிவதற்குக் கல்லூரி முன்பே பேசி வைத்த விளையாட்டு வீரர்களும் அந்தக் கணக்கில் இருப்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, டஃப்ட்ஸ் வெளிநாட்டு மாணவரைத் தேர்வு செய்யும்போது அவர் எவ்வளவு உதவி கேட்கிறார் என்பதையும் பார்க்கிறது. யேல் அதைப் பார்ப்பதில்லை. சேர்த்துக்கொண்டால் முழுத் தேவையையும் தருகிறது. டிசம்பர் நடுவில் இடம் கிடைத்தாலும் கட்டிப்போடுவதில்லை. அங்கே உலக விவகாரங்களுக்கான ஜாக்சன் பள்ளி 2022-இல் தனிப் பள்ளியாகவே திறந்துவிட்டது. முழு உதவி கேட்கும் பிள்ளை, உதவி கேட்பதையே குறையாக எண்ணாத இடத்துக்குத்தான் முதலில் போட வேண்டும்.

வண்ணாமடை:
டீச்சர், யேல் பணநிலையைப் பார்ப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் உலகம் முழுவதிலும் உள்ள கெட்டிக்காரப் பிள்ளைகள் அனைவரும் அதே காரணத்துக்காக அங்கேதான் போடுகிறார்கள். கதவு திறந்திருப்பதாலேயே வாசலில் கூட்டம் குறைந்துவிடாது. எர்லி டிசிஷனில் கிடைத்த உதவி போதவில்லை என்றால் அதைக் காரணம் காட்டி விலகிக்கொள்ளலாம் என்பதையும் நீங்கள் சொல்லவில்லை.

நல்லேப்பிள்ளிக்காரர்:
நான் கேட்பது வேறு. ஏன் போக வேண்டும்? வெளியுறவுப் பணிக்கு யு.பி.எஸ்.சி. தேர்வு எழுத ஏதேனும் ஒரு பட்டம் போதும். கேரள மத்தியப் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு உறவுகள் படிப்பு இருக்கிறது. அதன் பிறகு டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு ஆய்வுப் பள்ளியில் முதுநிலை படிக்கலாம். அந்தப் பள்ளி 1955-இல் தனி நிறுவனமாகத் தொடங்கியது, பல்கலைக்கழகத்தைவிட மூத்தது. நம் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் அங்கே டாக்டர் பட்டம் பெற்றவர்.

வேலந்தாவளம் டீச்சர்:
ஐயா, உழவூரில் பிறந்த கே.ஆர். நாராயணன் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் படித்துத் திரும்பி வந்துதான் 1949-இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார்; அதுவும் உதவித்தொகையில் போனவர். போவதா வேண்டாமா என்பது இங்கே கேள்வி இல்லை, எங்கே முதலில் போடுவது என்பதே கேள்வி. நீங்கள் சொன்ன மத்தியப் பல்கலைக்கழக வழி மே மாதம் நடக்கும் சி.யு.இ.டி. என்னும் நுழைவுத் தேர்வின் மூலம் திறந்தே இருக்கும், அதையும் எழுதட்டும்.

கஞ்சிக்கோட்டுக் கணக்கர்:
கல்லூரிப் பெயரைப் பேசுபவர்கள் தோப்பை மறந்துவிட்டீர்கள். உதவி கேட்பவர் நிரப்பும் சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்னும் படிவம் வருமானத்தோடு நிறுத்துவதில்லை. வீடு, நிலம், தொழில், அவற்றின் மதிப்பு எல்லாவற்றையும் கேட்கும். வேளாண் வருமானத்துக்கு வருமான வரி இல்லாததால் தோப்புக்காரர் பலர் வருமானக் கணக்கே தாக்கல் செய்திருக்க மாட்டார்கள்; கையில் இருப்பது வில்லேஜ் ஆபீஸில் வாங்கிய வருமானச் சான்று மட்டும்தான். என்னிடம் வந்த ஒரு குடும்பம், சாலையோரத் தோப்புக்குத் தரகர் சொன்ன விலையை அப்படியே படிவத்தில் எழுதிவிட்டது. தேங்காய் விற்று ஆண்டுக்கு இரண்டரை லட்சம் வருகிற வீட்டைக் கல்லூரி கோடீஸ்வரர் வீடாகப் பார்த்தது. உதவியும் அதற்கேற்பத்தான் வந்தது. அவர்கள் எர்லி டிசிஷனில் கையெழுத்திட்டிருந்ததால், வேறெந்தக் கல்லூரியின் கணக்கையும் ஒப்பிட்டுக் காட்டிப் பேச வழியில்லாமல் போயிற்று. பிறகு விடுவித்தார்கள் என்பது வேறு விஷயம். ஜனவரி 1 நெருங்கியிருக்க, மற்ற கல்லூரிகளுக்கான விண்ணப்பங்களைப் பத்தே நாளில் எழுதி முடிக்க நேர்ந்தது. விற்கும் எண்ணம் இல்லாத விளைநிலத்தை எப்படிக் குறிப்பது என்று கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு இப்போதே மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். பதில் வரும் வரை எதிலும் கையெழுத்திட வேண்டாம்.

வண்ணாமடை:
கணக்கர் ஐயா சொன்ன பிறகு நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். டஃப்ட்ஸ் கல்லூரிக்கு இரண்டாம் சுற்று எர்லி டிசிஷன் ஜனவரியில் உண்டு. முன்விண்ணப்பத்தை ஒரே இடத்துக்குத்தான் போட வேண்டும் என்கிற யேலின் விதியும் அதைத் தடுக்கவில்லை; அந்தச் சுற்றின் முடிவு ஜனவரி 1-க்குப் பிறகு வந்தால் போதும். இப்போது யேல், அங்கே இல்லை என்றால் ஜனவரியில் டஃப்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள் நிலத்தைப் பற்றிய பதிலும் வந்துவிடும்.

கொழிஞ்சாம்பாறைத் தாய்மாமன்:
அப்படியானால் ஜார்ஜ்டவுன்? 1919-இல் தொடங்கிய வெளியுறவுப் பள்ளி என்பதால் அவளுக்கு முதல் ஆசை அதுதான்.

வேலந்தாவளம் டீச்சர்:
அந்தப் பள்ளியின் பாடத்திட்டத்தில் எனக்குக் குறை எதுவும் இல்லை. அயல்மொழியில் தேர்ச்சி இல்லாமல் பட்டம் தராத இடம் அது. ஆனால் வெளிநாட்டு மாணவருக்கு அங்கே கிடைக்கும் உதவி மிகக் குறைவு. ஆண்டுக்கு இரண்டு லட்சம் தரக்கூடிய வீட்டிலிருந்து ஒரே முன்விண்ணப்பத்தை அங்கே செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆசை இருந்தால் ஜனவரியில் வழக்கமான சுற்றில் போடட்டும். கட்டுரையைப் பற்றியும் ஒரு வார்த்தை: 7.25 டி.எம்.சி. ஒரு முறை வந்தால் போதும், குரும்பை உதிர்ந்ததை முதலில் வைக்கச் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறைத் தாய்மாமன்:
நேற்றிரவு அவளிடமும் அவள் அப்பாவிடமும் பேசினேன். யேலுக்கே முதலில் போடுகிறோம். ஜார்ஜ்டவுன் என்றதும் முகம் சுண்டினாள், பிறகு சரி என்றாள். இன்னும் ஒரு சந்தேகம்: எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் மதிப்பெண் இல்லை, ஏ பிளஸ் என்ற கிரேடு மட்டும்தான் இருக்கிறது. அதை நூற்றுக்கு இவ்வளவு என்று மாற்றி எழுத வேண்டுமா?

வேலந்தாவளம் டீச்சர்:
மாற்றவே கூடாது, அண்ணா. கிரேடு உள்ளபடியே இருக்கட்டும். கேரளத்தில் பத்தாம் வகுப்புக்கு மதிப்பெண் அச்சிடுவதில்லை என்று பள்ளியைப் பற்றிய குறிப்பில் பிரின்சிபல் ஒரு வரி எழுதினால் போதும். பிளஸ் ஒன் மதிப்பெண்ணையும் பிளஸ் டூ ஓணத் தேர்வு மதிப்பெண்ணையும் ஒரே தாளில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, முத்திரையோடு பூஜை விடுமுறைக்கு முன்பே வாங்கிவிடுங்கள். விடுமுறை தொடங்கிவிட்டால் அலுவலகத்தில் முத்திரை வைக்க ஆள் இருக்காது.